லாரியின் சக்கரக் குடம் ஜீப்புக்குப் பொருந்துமா?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் பொம்மையார்பாளையம். ஒருபுறம் கடல், மறுபுறம் மழைநீர் அரித்துப் பள்ளமாக்கிய செம்மண் மேடு, இடையே மணற்பாங்கான நிலம். சவுக்கும் முந்திரியும் மணிலாவும் விளையும் இப்பகுதியில் விளைந்ததை வெட்டி எடுப்பதைவிடச் சாலைவரை கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. மணலில் மாட்டு வண்டி இறங்கினால் மாடுகள் நுரை தள்ளுகின்றன. சாதாரண மோட்டார் வண்டி இறங்கினால் பின் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது.

அண்மையில் அப்பக்கத்துச் சவுக்குச் சாகுபடியாளர் சிலர் என்னிடம் ஒரு யோசனையைக் கூறினர். நான்கு சக்கரங்களும் உந்தும் பழைய ஜீப்பு ஒன்று கிடைக்கிறது. அதன் குடங்களைக் கழற்றிவிட்டு, கனரக லாரியின் குடங்களையும் பெரிய சக்கரங்களையும் பூட்டினால், மணலிலிருந்து கழிகளை இழுத்து வர உறுதியான வண்டி ஆகுமல்லவா? இதற்குச் சங்க நிதியைச் செலவிடலாமா? இவைதாம் அவர்களுடைய கேள்விகள். வேறு சங்கங்களிலும் இவ்வகை யோசனைகள் எழுவதால், விடையை எல்லா அங்கத்தினரும் அறியுமாறு இங்கே எழுதுகிறேன்.

நான் கூட்டுறவு ஆய்வாளன். யந்திரத் தொழிலாளி அல்லன். ஆயினும் இந்தப் பொருளை வலிந்து கற்றுக்கொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

நான் கையொப்பமிட்ட கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சரகத்தில் பணியாற்றியபோது, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டேன். அச்சங்கத்தார் தம் வண்டியின் முன் சக்கரக் குடங்கள் இரண்டையும் மாற்றி, பழைய லாரிக் குடங்களை ஒரு பட்டறையில் பூட்டியிருந்தனர். நிர்வாக சபையின் தீர்மானம் இருந்தது. மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. ரசீது இருந்தது. இருப்புப் பதிவேட்டில் பதிவும் இருந்தது. குறை கூற இடமில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஐந்து வாரங்களுக்குப் பிறகு அவ்வண்டியின் இடது முன் சக்கரம் குடத்தோடு கழன்று, சாலையோர வாய்க்காலில் உருண்டு விழுந்தது. வண்டி சாய்ந்ததில் ஓட்டுநரின் கை எலும்பு முறிந்தது. எதிரே சைக்கிளில் வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி மயிரிழையில் தப்பினாள். கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வெளிப்பக்கத்துப் பேரிங்கின் உள்வளையம், அது அமர வேண்டிய அச்சுமுனையைவிட அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பத் தகரத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தனர். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தன. தகரம் மட்டும் காகிதத்தில் ஏறவில்லை.

பணம் சரியாகச் செலவழிந்ததா என்று பார்த்தேனேயன்றி, அளவு பார்த்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரிக் கேள்வி அது. அதை இனி எந்தச் சங்கத்திலும் கேட்காமல் விடுவதில்லை என்று உறுதி பூண்டேன்.

குடம் என்பது யாது?

மாட்டு வண்டியைப் பழகிய நமக்குக் குடம் புதிதன்று. ஆரக்கால்கள் வந்து கூடும் நடுக்கட்டையே குடம். அதனுள்ளே இரும்பு அச்சு நுழைகிறது. சக்கரம் கழன்று போகாதபடி வெளியே கடையாணி காக்கிறது. தேய்வைக் குறைக்க வண்டி மசி இடுகிறோம். உருவத்தின் சிறுமையைக் கண்டு இகழலாகாது என்பதற்குத் திருவள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியையே சான்றாகக் காட்டினார். அவர் காலத்துத் தேருக்குப் பொருந்திய அந்த உண்மை இக்காலத்து லாரிக்கும் பொருந்தும்.

பட்டறையில் ‘ஹப்’ என்று வழங்கும் லாரிக் குடம் வார்ப்பிரும்பாலோ வார்ப்பெஃகாலோ ஆனது. அதன் முகத்தில் சக்கரத்தைப் பிணைக்கும் மரைபோல்ட்டுகள் வட்டமாக நிற்கின்றன. உள்ளே, ‘ஸ்பிண்டில்’ எனப்படும் அசையாத அச்சுமுனை இருக்கிறது. குடத்துக்கும் அச்சுமுனைக்கும் இடையே கூம்பு உருளைகள் கொண்ட இரண்டு பேரிங்குகள் உள்ளன. பெரும்பாலும் உள்பக்கத்தது பெரிது, வெளிப்பக்கத்தது சிறிது. உள்பக்கத்தில் ஆயில் சீல் மசகு வெளியேறாமலும் தூசி புகாமலும் காக்கிறது. வெளிப்பக்கத்தில் நட்டும் பூட்டு வளையமும் பேரிங்குகளை உரிய இறுக்கத்தில் நிறுத்துகின்றன. நம் கடையாணி செய்த வேலையை இங்கே இந்த நட்டும் பூட்டு வளையமும் செய்கின்றன.

ஆகவே குடம் என்பது தனிப்பொருள் அன்று. அச்சுமுனை, இரண்டு பேரிங்கு, சீல், நட்டு, பிரேக் டிரம், சக்கரம் ஆகியவற்றோடு அளவால் பிணைந்த ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் ஒருவரை மட்டும் பிரித்து வேறு வீட்டில் குடியேற்றும்போதுதான் தொல்லை பிறக்கிறது.

பாரத்தை எது தாங்குகிறது?

லாரிக் குடத்தை ஏன் உறுதியானது என்கிறோம்? இரும்பின் கனம் ஒரு காரணம். அமைப்பு அதைவிடப் பெரிய காரணம்.

உந்தும் அச்சுக்கு இரண்டு வேலைகள் உண்டு. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஒன்று. யந்திரத்தின் முறுக்கு விசையைச் சக்கரத்துக்குக் கொடுப்பது மற்றொன்று. லாரியின் பின்னச்சில் இவ்விரு வேலைகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. வெளிக்குழாயும் அதன் முனையும் பாரத்தைத் தாங்குகின்றன. உள்ளே ஓடும் தண்டு முறுக்கை மட்டும் சுமக்கிறது. தண்டு பாரமின்றி மிதப்பதால் இதனை முழு மிதவை அச்சு என்கின்றனர். தண்டு முறிந்தாலும் சக்கரம் வண்டியை விட்டுப் போகாது. வழியிலேயே தண்டை உருவி எடுத்துவிடவும் முடியும்.

கார்களிலும் பல இலகு வண்டிகளிலும் அரை மிதவை அச்சு உள்ளது. அங்கே ஒரே தண்டு பாரத்தையும் தாங்கி முறுக்கையும் கொடுக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரமும் போய்விடக்கூடும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின்னச்சு முழு மிதவை வகை. பின்னர்ப் பொதுமக்களுக்காக வந்து, நம் நாட்டிலும் மஹிந்திரா நிறுவனத்தால் நெடுங்காலம் செய்யப்பட்ட சிஜே 3பி ஜீப்பின் பின்னச்சோ அரை மிதவை வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகளே, உள்ளமைப்பில் வேறு. சிஜே 3பி யின் பின் குடம் கூம்பு வடிவான தண்டு முனையில் சாவிக்கட்டை ஒன்றால் பிணைக்கப்பட்டது. அங்கே லாரிக் குடத்தை மாட்டுவதற்கு அசையாத அச்சுமுனையே கிடையாது. ‘ஜீப்பின் குடத்தை மாற்றலாமா?’ என்பதற்கு முன், ‘எந்த ஜீப்பு, எந்த அச்சு?’ என்று கேட்க வேண்டியதன் காரணம் இதுவே.

நான்கு சக்கரங்களும் உந்தும்போது

நான்கு சக்கர உந்து வண்டியில் யந்திரத்தின் விசை இடைப்பெட்டி ஒன்றின் வழியாக முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மணலில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றவை பிடித்து இழுக்கின்றன. இதன் நன்மை யாவரும் அறிந்ததே. இதன் நிபந்தனையைத்தான் பலர் அறியார். பழைய ஜீப்புகளில் முன், பின் அச்சுகளை இடைப்பெட்டி ஒன்றோடொன்று இறுகப் பிணைத்துவிடுவதால், இரண்டும் ஒரே தூரத்தை ஒரே கணக்கில் உருண்டு கடக்க வேண்டும்.

அச்சின் நடுவிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் விகிதம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் அவ்விகிதம் 4.88. சிஜே 3பி யில் 5.38. ஒன்றின் முன்னச்சையும் மற்றொன்றின் பின்னச்சையும் ஒரே வண்டியில் சேர்த்தால் வேறுபாடு நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அமெரிக்க இராணுவத்தின் எம்35 என்னும் இரண்டரை டன் லாரியின் அச்சில் விகிதம் 6.72. அந்நாட்டில் கரடுமுரடான நிலங்களில் ஓட்டுவதற்கென்று வண்டி கட்டுவோர் அந்த லாரி அச்சுகளை விரும்பி எடுப்பதுண்டு. விவரம் அறிந்தவர்கள் முன்னும் பின்னும் அதே விகிதமுள்ள அச்சுகளைச் சோடியாகவே பூட்டுகின்றனர். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை.

அச்சை மாற்றாமல் குடத்தை மட்டும் மாற்றினாலும் இந்த நிபந்தனை நம்மைத் துரத்தி வரும். லாரிக் குடம் லாரிச் சக்கரத்தைக் கேட்கும். லாரிச் சக்கரம் பெரிய டயரைக் கேட்கும். முன் டயரின் சுற்றளவு 2.40 மீட்டர், பின் டயரின் சுற்றளவு 2.52 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏறத்தாழ 417 சுற்று சுற்றும்; பின் சக்கரம் 397 சுற்று. இருபது சுற்று வேறுபாடு எங்கே போகும்? மணலில் சக்கரம் சற்று வழுக்கி அதைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இயலாமையால் அந்த முரண்பாடு தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்கேறி நின்று, பலவீனமான இடத்தை முறிக்கும்.

நான்கு சக்கர உந்து டிராக்டரில் முன் சக்கரம் சிறிதாக இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே முன் டயரின் அளவுக்கேற்பவே பற்சக்கர விகிதத்தைத் தயாரிப்பாளர் கணக்கிட்டுள்ளார். ஆகவேதான் டிராக்டரிலும் ஒரு சோடி டயரை மட்டும் வேறு அளவில் மாற்றலாகாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டரிலிருந்து 36 ஆனால், அதே இழுப்புக்கு அச்சுத் தண்டு நூற்றுக்கு இருபது பங்கு அதிக முறுக்கைத் தாங்க வேண்டும். பிரேக்கும் அவ்வளவுக்கு அதிகமாகப் பிடிக்க வேண்டும். குடத்தை உறுதியாக்கிவிட்டோம், தண்டையும் முன் சக்கரத்துக்கான மூட்டிணைப்பையும் பழையபடியே விட்டோம். வண்டி பலப்படவில்லை, முறியும் இடம் மட்டுமே குடத்திலிருந்து தண்டுக்கு மாறியது.

பணம் கொடுக்குமுன் அளக்க வேண்டியவை

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளில் குடம் வாங்கச் செல்வோர் கையில் நோட்டுப் புத்தகமும் வெர்னியர் அளவுகோலும் இருக்க வேண்டும். கழற்றிய பழைய குடத்தையும் வாங்கப்போகும் குடத்தையும் அருகருகே வைத்துக் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மரைபோல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும். மேற்கூறிய ஜீப்புகளில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள். ஐரோப்பிய வழக்கில் கனரக லாரிக்கு 335 மில்லிமீட்டர் வட்டத்தில் பத்து. அமெரிக்க வழக்கில் 285.75 மில்லிமீட்டர் வட்டத்தில் பத்து. எண்ணிக்கை ஒன்றாயிருப்பதால் மட்டும் சக்கரம் பொருந்திவிடாது என்பதற்கு இப்பத்துகளே சான்று. இரட்டைப்படை எண்ணிக்கையாயின் எதிரெதிர்ப் போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்தால் விட்டம் கிடைக்கும். ஐந்தாயின் அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையத் தூரத்தை 1.701 ஆல் பெருக்க வேண்டும். அத்தூரம் 82.1 மில்லிமீட்டர் எனில் விட்டம் 139.7 ஆகும்.

இரண்டாவது, சக்கரத்தை நடுநிலைப்படுத்துவது எது என்பது. சில குடங்களில் சக்கரத்தின் நடுத்துளை குடத்தின் விளிம்பில் ஏறி அமர்கிறது. அங்கே நட்டு தட்டையாக அழுத்துகிறது. வேறு சிலவற்றில் கூம்பு அல்லது உருண்டை முகமுள்ள நட்டே சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது. ஒருவகைச் சக்கரத்துக்கு மற்றவகை நட்டைப் போட்டால், எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் ஓட்டத்தில் தளரும்.

மூன்றாவது, பேரிங்குகள் அமரும் இடங்கள். அச்சுமுனையில் உள், வெளி என இரண்டு இடங்களின் விட்டம், இரண்டுக்கும் இடைப்பட்ட நீளம், சீல் அமரும் விட்டம் ஆகியவற்றை அளக்க வேண்டும். பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். வளையத்துக்கும் அச்சுமுனைக்கும் இடையே தகரமோ, பித்தளைத் தாளோ, துணியோ வைப்பது கூடாது. தேய்ந்த அச்சுமுனையின் மேல் வெல்டிங் ஏற்றி லேத்தில் கடைவதும் தகாது. அச்சுமுனையையே மாற்ற வேண்டும்.

நான்காவது, சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது என்பது. பேரிங்குகள் இரண்டுக்கும் இடையே பாரம் இறங்குமாறு குடம் அமைக்கப்பட்டது. ஒரு சக்கரத்தின் மேல் 1,000 கிலோ பாரம் இருக்க, டயரின் நடுக்கோடு 5 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்தால், அச்சுமுனையை வளைக்கும் விசை 5,000 கிலோ-சென்டிமீட்டர் கூடும். முன் சக்கரமாயின் ஸ்டியரிங்கும் கனக்கும். கல்லில் ஏறும்போது கையிலிருந்து பறிக்கும்.

ஐந்தாவது, பிரேக். டிரம் குடத்தோடு பிணைந்தது. லாரி டிரம்மைப் பூட்டினால் அதற்குரிய பின்தட்டும் கட்டைகளும் சிலிண்டரும் உடன் வர வேண்டும். கனரக லாரியின் காற்று பிரேக்கை எண்ணெய் பிரேக் உள்ள ஜீப்பில் அப்படியே இணைக்க இயலாது. பெரிய சக்கர சிலிண்டருக்குச் சிறிய தலைமைச் சிலிண்டர் எண்ணெய் அனுப்பினால் பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது.

ஆறாவது, தண்டின் முனை. குடத்தின் முகத்தில் வந்து பிணையும் தட்டின் துளைகள், தண்டின் நீளம், பற்களின் எண்ணிக்கை ஆகியவை ஒத்திருக்க வேண்டும். முன்னச்சில் முன் சக்கரங்களை வேண்டியபோது உந்துவிசையிலிருந்து விடுவிக்கும் பூட்டு இருப்பின், அதுவும் புதிய குடத்தில் அமருமா என்று பார்க்க வேண்டும்.

ஏழாவது, மரையின் திசை. போர்க்கால ஜீப்பு போன்ற சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை கொண்டவை. அறியாமல் வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் நட்டு மேலும் இறுகிப் போல்ட்டு முறியும்.

இவ்வளவுக்கும் பிறகு, குடத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் வெடிப்புப் பார்க்க வேண்டும். பெயிண்ட் பூசிய பழங்குடத்தைப் பூச்சை நீக்காமல் வாங்கலாகாது. வெடித்த வார்ப்புக் குடத்தை வெல்டிங் செய்து ஒட்டலாகாது.

பூட்டும் முறை

பேரிங்கின் இறுக்கமே குடத்தின் ஆயுள். குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் நன்கு அமர்ந்தபின் தளர்த்தி, மீண்டும் தயாரிப்பாளர் கூறிய அளவுக்கு நிறுத்த வேண்டும். கனரகச் சக்கரங்களில் குடம் முன்பின் அசையும் அளவு 0.025 முதல் 0.127 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாக வழங்கும் வரம்பு. இது தலைமயிரின் கனத்தோடு ஒப்பிடத்தக்கது. கையால் ஆட்டிப் பார்த்து அறியக்கூடியதன்று. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுப்பது, தராசில்லாத கடையில் பொன் வாங்குவதை ஒக்கும்.

சக்கர நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முதல் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டிய குடத்தை முதல் சில பயணங்களுக்குப் பின் கவனிக்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாயிருந்தால், அல்லது மசகு கருகும் வாடை வந்தால், அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும். குடம் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி முறிவதில்லை; அறிவிப்பைக் கேட்க ஆளில்லாமையால்தான் முறிகிறது.

மணலும் உப்பு நீரும்

பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய குடத்தை அப்படியே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று திடீரெனக் குளிர்ந்து சுருங்கும். அச்சுருக்கம் சீலின் வழியே நீரை உள்ளே உறிஞ்சும். உப்பு நீரும் நுண்மணலும் மசகில் கலந்தால் அது மசகன்று. பேரிங்கை அராவும் சாந்து. நீரில் இறங்குமுன் வண்டியை நிறுத்திக் குடத்தை ஆறவிடுவதும், இறங்கி ஏறியபின் காலந்தாழ்த்தாமல் குடத்தைப் பிரித்துக் கழுவிப் புதிய மசகு இடுவதும் கடலோர வண்டிக்கு இன்றியமையாதவை.

சங்கத்தின் கடமை

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றியமைத்தலாகாது என்று 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52 ஆம் பிரிவு கூறுகிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கேளாமல் சக்கரத்தையும் அச்சையும் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டுத் தொகை கேட்கும்போது அம்மாற்றமே தடையாக வந்து நிற்கக்கூடும். இழப்பு அப்போது ஓர் ஆளுக்கன்று. பங்குத்தொகை செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினருக்கும்.

ஆகவே இத்தகைய வேலையைத் தொடங்குமுன் நிர்வாக சபை நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெற வேண்டும். அளந்தவர் யார்? அளவுகள் எங்கே? பொறியியல் அறிந்த அலுவலர் ஒருவர் அவற்றைப் பார்த்தாரா? போக்குவரத்து அலுவலகத்தின் இசைவு கிடைத்ததா? இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையினரின் ஆலோசனையை நாடலாம். கழற்றிய பழைய குடங்களை இருப்பில் ஏற்றுவதும், பூட்டிய நாளையும் அடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டிய நாளையும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதுவதும் செயலாளரின் பொறுப்பு.

சவுக்குக் கழிக்கு எது வழி?

இனி, கேட்டவர்களுக்கு விடை. அந்த ஜீப்புக்கு லாரிக் குடம் வேண்டாம் என்பதே என் கருத்து. மணலில் வண்டி சிக்குவதற்குக் காரணம் குடத்தின் பலவீனம் அன்று. டயர் மணலை அழுத்தும் முறை. கையேடு அனுமதிக்கும் அளவுக்கு டயரின் காற்றைக் குறைத்தால் அதன் பாதம் அகன்று, மணல் தாங்கும். சாலைக்கு ஏறுமுன் மீண்டும் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதிகக் கழிகளை ஒரே நடையில் இழுக்க ஆசைப்படாமல், தோப்பின் ஓரத்துக் கெட்டி நிலம்வரை சிறு பாரமாகக் கொண்டுவந்து, அங்கே டிரெய்லரில் ஏற்றலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல டிராக்டர்களை வாடகைக்கு விடுகின்றன; நான்கு சக்கர உந்து டிராக்டர் கிடைக்குமாயின் அதுவே இவ்வேலைக்கென்று பிறந்த வண்டி.

லாரிக் குடத்தின் உறுதி வேண்டுமென்றால், அதற்கு உரிய இடம் உந்துவிசை இல்லாத டிரெய்லரின் அச்சு. அங்கே பற்சக்கர விகிதமும் இல்லை. முறுக்கும் தண்டும் இல்லை. ஆனால் அங்கும் ஒரு விதி உண்டு. குடம், அச்சுமுனை, பேரிங்கு, பிரேக் ஆகிய யாவும் ஒரே அச்சிலிருந்து ஒன்றாக வந்தவையாக இருக்க வேண்டும். டிரெய்லரையும் அதற்கென உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமே செய்துகொள்ள வேண்டும்.

என் கதையில் வந்த ஓட்டுநரின் எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவர் இப்போதும் வண்டியில் ஏறுமுன் நான்கு சக்கரங்களையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார் என்று கேள்விப்படுகிறேன். நானும் கணக்குப் பார்வைக்குச் செல்லும்போது பையில் ஒரு வெர்னியர் அளவுகோலை எடுத்துச் செல்கிறேன். கூட்டுறவில் கணக்கு என்பது ரூபாயும் பைசாவும் மட்டும் அன்று. அங்கத்தினரின் உயிரைச் சுமக்கும் இரும்பின் மில்லிமீட்டரும் கணக்கே. அளந்து பார்த்துப் பூட்டுவோமாக.